ஆரஞ்சுச் சட்டை வரும்வரை

விடுதியின் முன்கூடத்தில் சைக்கிள்கள் எல்லாம் சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தன. சொந்தக்காரர்கள் தரையில் சம்மணமிட்டு, கையில் கிடைத்த சாவி, ஸ்பூன், நகவெட்டி என்று எதையாவது வைத்து டயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வந்த பாதையில், ஆற்றைத் தாண்டும் வரை புதுசாகத் தார் போட்டிருந்தார்கள். வெயிலில் அது இளகி, பொடி ஜல்லியோடு சேர்ந்து டயரில் அப்பிக்கொண்டது. எல்லோரும் விடுதிக்கு வந்து சேர்ந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. சுரண்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஒட்டடையும் சுரண்டினான். ஆறடியைத் தாண்டிய உயரமும் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒல்லியும் சேர்ந்தவனை 'ஒட்டடைக்குச்சி' என்று முதலில் கூப்பிட்டவர் மேடம்தான். அவ்வளவு நீளமாகக் கூப்பிட நேரமில்லை என்று பெயரைப் பாதியில் வெட்டியவரும் அவர்தான். துப்பறிவது மேடத்தின் தொழில். அவருக்கு உதவியாக இருப்பதும், நடுநடுவே வாயாடுவதும் ஒட்டடையின் தொழில். ஒரு பெரிய கேஸை முடித்த களைப்பில் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு இந்த சைக்கிள் பயணத்தில் சேர்ந்திருந்தார்கள். முதல் நாளே ஒரு நாய் குறுக்கே ஓடியது. மேடம் விழுந்தார். அன்றிலிருந்து கட்டுப் போட்ட இடது கையோடு, சாமான்களோடு எல்லோருக்கும் முன்னால் போகிற வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வந்துகொண்டிருந்தார்.

"லீவு போட்டுட்டு டயர் சுரண்டற ஆளுங்க உலகத்துலயே நாமதான் மேடம்."

"நாம இல்ல. நீ."

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. பல் டாக்டர் இறங்கி வந்தாள். கூட்டத்திலேயே வேகமாக ஓட்டுகிறவள், வழக்கமாக முகத்தில் ஒரு மிடுக்கு இருக்கும். இப்போது அது இல்லை.

"கேப்டன், அப்பாவுக்குப் போனே போகல. ரிங் கூட வரமாட்டேங்குது."

கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. டாக்டருடைய அப்பாவுக்கு இந்தக் கூட்டத்தில் 'ஹாஃப் டே' என்று பெயர். வேலையில் இருந்த காலம் முழுக்க மத்தியானத்தோடு கிளம்பிவிடுவாராம். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எழுந்து வந்துவிடுவார். போன வருஷப் பயணத்தில் பாதி வழியில் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே எல்லோரும் அவரைத் தேடித் தவித்தபோது, அவர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து போன் செய்தார்.

"வழி காட்ட அவர் நின்ன ரோட்டுப் பிரிவுல பஸ் ஸ்டாப் இருந்துச்சே டாக்டர்," என்றார் கேப்டன். ஜிம் நடத்துகிறவர், பயணத்துக்குத் தலைவர். "அங்க டவரும் கிடையாது. இந்நேரம் பஸ்ல நல்லாத் தூங்கிட்டு இருப்பார். வீட்டுக்குப் போனதும் கூப்பிடுவார் பாருங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். போகட்டும்னு கதவைச் சாத்திட்டுப் படுத்துட்டேன். இப்ப என்னமோ மனசு கேக்கல."

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகும் கேப்டன், பாதை பிரியும் இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போவார். நிற்கிறவர் பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கையை நீட்டி வழி காட்டவேண்டும். எல்லோருக்கும் கடைசியாக 'வால்' வருவார். ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்ற மேல்சட்டை போட்டிருப்பார். அந்தச் சட்டை வந்தால்தான் நிற்கிறவருக்கு விடுதலை. அதுவரைக்கும் இடி விழுந்தாலும் நகரக் கூடாது. மத்தியானத்துக்கு மேல் ஒரே ஒரு பிரிவுதான். அங்கே "நான் நிக்கறேன்" என்று தானாக முன்வந்து இறங்கியவர் ஹாஃப் டே. காலையில் மகள் எல்லோர் முன்னாலும் "இன்னைக்காவது ஒரு வேலையை முழுசாச் செய்யுங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். அந்தச் சூடு அவர் முகத்தில் மத்தியானம் வரை இருந்தது. "சாரை நிழலா பார்த்து நிறுத்துங்க கேப்டன், பஸ் ஸ்டாப்பா பார்த்து நிறுத்தாதீங்க" என்று அப்போது ஒட்டடை அடித்த ஜோக்குக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹாஃப் டேவும் சிரித்தார்.

இன்றைக்கு வால், கேப்டனுடைய மச்சான். ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சுச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது.

"நான் வந்தப்ப அந்தப் பிரிவுல ஒரு ஈ காக்கா இல்லீங்க," என்றான்.

"வேனைக் குடுங்க கேப்டன். நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்," என்றாள் டாக்டர்.

வேன் டிரைவர் வாசலில் நின்று மழையைப் பார்த்தார். "வழியில தரைப்பாலத்துல தண்ணி ஏறிட்டிருக்கு. இப்பவே கிளம்பினா போயிட்டு வந்துடலாம். விட்டா கஷ்டம்."

"வேண்டாம்," என்றார் கேப்டன். "ஓடிப்போன மனுஷனைத் தேடறேன்னு போய் வண்டியை ஆத்துல விடறதா? வண்டிக்கு ஒண்ணு ஆனா நான்தானே பதில் சொல்லணும்? அவர் அங்க இருக்கார்னு தெரிஞ்சா நானே ஓட்டிட்டுப் போவேன்."

அப்பாவுக்காகப் பரிந்து பேச டாக்டரிடம் ஒரு சாட்சியும் இல்லை. அவருடைய பெயரே அவருக்கு எதிராக நின்றது.

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார். "அவர் பை எங்க?"

"வேன்லதான் இருக்கு. பாரமா இருக்குன்னு சாப்பிட்ட இடத்துல தூக்கிப் போட்டார்," என்றார் டிரைவர்.

ஒட்டடை பையைக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினான். ஒரு பனியன், கண்ணாடிக் கூடு, குட்டித் தகர டப்பா, சிவப்புக் கயிறு கட்டிய ஒரு சாவி.

"டப்பாவுல என்ன?"

"மிட்டாய்," என்றாள் டாக்டர். சொல்லும்போதே அவள் குரல் மாறியது. "அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரை போடறார். சாப்பாடு தள்ளிப்போனா கை நடுங்கும், அப்புறம் மயக்கம் போட்டுடுவார். அதுக்காகத்தான் இது கூடவே இருக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கறேன். இதைப் போய் வண்டியில போட்டிருக்காரே!"

"இந்தச் சாவி?"

"வீட்டுச் சாவி."

"வீட்டுல இப்ப யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. நானும் அவரும்தான். இன்னொரு சாவி என்கிட்ட."

மேடம் சாவியைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கேப்டன் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு ஓடற மனுஷன் வீட்டுச் சாவியை விட்டுட்டா ஓடுவார்?"

"மறந்திருப்பார் மேடம். அவர் சுபாவம் அப்படி." கேப்டன் பிடிவாதமாகத் தலையாட்டினார்.

வெளியே மழை இன்னும் வலுத்தது. மேடம் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கவிழ்ந்த சைக்கிள்களைப் பார்த்தார், மேஜையில் இருந்த காபிக் கப்புகளைப் பார்த்தார், ஒட்டடையிடம் வந்து நின்றார்.

"இந்தக் கூடத்துல ரொம்ப நிம்மதியா இருக்கறது யாருடா?"

"அதிலென்ன மேடம் சந்தேகம்? நம்ம மச்சான்தான். காலை நீட்டிக்கிட்டு மகாராஜா மாதிரி இருக்கார்."

"ஏன் அவருக்கு மட்டும் அந்த யோகம்?"

"எங்களை மாதிரி சுரண்ட வேண்டிய தலையெழுத்து அவருக்கு..." என்று ஆரம்பித்தவன் வாயைத் திறந்தபடியே நிறுத்தினான். கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது.

மச்சானின் சைக்கிள் சுவரோரம் நிமிர்ந்தே நின்றது. ஒட்டடை நாலு எட்டில் அதனிடம் போய்ச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கட்டைவிரலை டயரில் வைத்தான். விரல் ஈரமானது. வேறொன்றும் ஒட்டவில்லை.

"நான் அப்பவே சுரண்டிட்டேன்," என்றான் மச்சான். காலைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"அப்படியா? சந்தோஷம்," என்றார் மேடம். "இங்க இருக்கற ஒவ்வொரு கப்பையும் பாருங்க. எல்லாத்துலயும் கறுப்பா விரல் அடையாளம். டாக்டர் கப்புல கூட இருக்கு. சோப்புப் போட்டாலும் தார் அவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போகாது. உங்க கப் மட்டும் கடையில வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு. டயரை எதால சுரண்டினீங்க, மூக்காலயா?"

ஒட்டடை குனிந்து மச்சானின் ஷூவைப் பார்த்தான். "மேடம், பாசி. பச்சைப் பசேல்னு இருக்கு. ரோட்டுல ஏது பாசி?"

மச்சான் கேப்டனைப் பார்த்தான். "கால் பிடிச்சுக்கிச்சு மாமா. சாப்பாட்டுக் கடைக்காரர்தான் சொன்னார், வாய்க்கால் ஓரமாப் போயி தடுப்பணை மேல சைக்கிளைத் தூக்கிட்டு நடந்தா தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துடலாம்னு. பாதி தூரம் மிச்சமாகும்னு..."

"அப்ப பிரிவுக்கு?" என்றார் கேப்டன்.

"போகல."

"போகாமலேயே அங்க யாரும் இல்லேன்னு சொன்னியாடா?"

"அவர் எப்படியும் ஓடிருப்பார்னு நினைச்சேன் மாமா." மச்சான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். "நீங்க எல்லாரும் அப்படித்தானே நினைச்சீங்க?"

ஒட்டடைக்குத் தன்னுடைய பஸ் ஸ்டாப் ஜோக் ஞாபகம் வந்தது. யாராவது தன்னை இழுத்து நாலு அறை விட்டால் தேவலை என்று இருந்தது.

"அவரை அங்கிருந்து அனுப்ப இந்தச் சட்டையாலதான் முடியும்," என்றார் மேடம். "சட்டை போகவே இல்ல. அவர் இன்னும் அங்கதான் நிக்கறார்."

டாக்டர் மிட்டாய் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏற்கனவே வேனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

வேனில் டிரைவர், மேடம், டாக்டர், ஒட்டடை, கேப்டன், மச்சான். வைப்பர் எவ்வளவு அடித்தும் கண்ணாடி தெளியவில்லை. யாரும் பேசவில்லை. மேடத்துக்கே பொறுக்கவில்லை.

"ஏதாவது சொல்லுடா."

"வரமாட்டேங்குது மேடம்," என்றான் ஒட்டடை.

சரிவில் இறங்கி வேன் நின்றது. எதிரே தரைப்பாலம் இருக்கவேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது. ஓரக் கற்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று முழுகியது. ஒரு மரக்கிளை வந்து பாலத்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி அடித்துக்கொண்டு போனது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாக் கடந்திருக்கலாம்," என்றார் டிரைவர் மெதுவாக.

ஒட்டடை மேடத்தைப் பார்த்தான். அவர் முகம் கறுத்திருந்தது. சாவியையும் டயரையும் காபிக் கப்பையும் காட்டி நிரூபித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கேஸ்கள். சரியாகக் கண்டுபிடித்த ஒரு விஷயம் இவ்வளவு உபயோகமில்லாமல் போய் அவன் பார்த்ததில்லை.

"தடுப்பணை?" என்றார் கேப்டன்.

"அது இதுக்கு முன்னாடியே முழுகியிருக்கும் சார்."

"அதோ!" என்றாள் டாக்டர்.

அக்கரையில், மேட்டின்மேல், பாதை பிரியும் இடத்தில், ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு மினுங்கியது. சைக்கிளின் பின்விளக்கு. டிரைவர் வேனின் பெரிய விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். மங்கலான வெளிச்சத்தில் ஓர் ஆள் உருவம் நிமிர்ந்தது. வலது கை தோளுக்கு நேராக நீண்டது. ஆள் வருகிறது என்றதும் அவர் வழி காட்டினார்.

டாக்டர் விசித்து அழுதாள்.

மச்சானுக்கு அதைத் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கித் தண்ணீர் விளிம்பு வரை ஓடினான். "சார்! மன்னிச்சிடுங்க சார்!" என்று இரண்டு கையையும் ஆட்டினான். வேன் வெளிச்சம் முழுக்க அவன்மேல் விழுந்து ஆரஞ்சுச் சட்டை தீயாகப் பளிச்சிட்டது.

மேட்டின்மேல் நீண்டிருந்த கை கீழே இறங்கியது. சிவப்பு வெளிச்சம் மறைந்தது.

"எங்க போனார்?" என்றார் கேப்டன்.

மேடத்துக்குத்தான் முதலில் உறைத்தது. "சைக்கிள் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. சட்டையைப் பாத்துட்டார், அவர் வேலை முடிஞ்சு போச்சு. இறங்கி வர்றார்! ஒட்டடை, அந்தச் சட்டையைக் கழட்டு!"

ஒட்டடை பாய்ந்தான். மச்சானைக் கீழே தள்ளி, சட்டையைத் தலைவழியாக உருவி, யோசிக்காமல் தண்ணீரில் வீசினான். அது ஒரு தடவை பளபளத்துவிட்டு ஆற்றோடு போனது. டாக்டர் வெளிச்சத்துக்கு நடுவில் போய் நின்று உள்ளங்கையைக் காட்டித் தலைக்குமேல் கையைத் தூக்கினாள். சைக்கிள்காரர்களுக்கு அது 'நில்' என்று அர்த்தம். கேப்டனும் தூக்கினார். மேடம் கட்டில்லாத கையைத் தூக்கினார். ஒட்டடை தன்னுடைய நீளம் முழுவதையும் எக்கித் தூக்கினான்.

அக்கரைச் சரிவில், தண்ணீருக்கு நாலடி முன்னால், ஹாஃப் டே பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார். அவர்களைப் பார்த்தார். பிறகு வழக்கப்படி அவரும் கையைத் தூக்கி, பின்னால் வருகிறவர்களுக்கு 'நில்' என்று காட்டினார். அவருக்குப் பின்னால் யாருமே இல்லை.

"மேலயே இருங்கப்பா!" என்று டாக்டர் கத்தினாள். ஆற்றுச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்டிருக்காது. ஆனால் அவர் புரிந்துகொண்ட மாதிரி சைக்கிளைத் திருப்பி மேட்டில் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நடை சரியில்ல. சர்க்கரை இறங்குது," என்றாள் டாக்டர். டப்பாவுக்குள் மிட்டாய்கள் கடகடவென்று ஆடின.

அங்கே டவர் கிடைக்காததால், வெளிச்சத்துக்கு வேனை விட்டுவிட்டு, கேப்டனும் மச்சானும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய விடுதியை நோக்கி ஓடினார்கள். அவர்கள் வந்தாலும் இந்தத் தண்ணீரில் என்ன செய்வார்கள் என்று ஒட்டடை கேட்கவில்லை. டிரைவர் திடீரென்று முன்னால் குனிந்தார். "பஸ்! கடைசி பஸ் வருதும்மா!"

அக்கரை மெயின் ரோட்டில் இரண்டு விளக்குகள் வந்தன. பஸ் பிரிவுக்கு வந்து, ஹாஃப் டேவுக்கு நேராக நின்றது. உள்ளே வெளிச்சம், ஜனங்கள், யாரிடமாவது ஒரு பிஸ்கட் இருக்கும். கண்டக்டர் படியில் இறங்கி அவரிடம் என்னவோ கேட்டார்.

"ஏறுங்கப்பா! ஏறிப் போயிடுங்க!" டாக்டர் தொண்டை கிழியக் கத்தி, இரண்டு கையாலும் 'போங்க, போங்க' என்று ஆட்டினாள். மேடம் ஆட்டினார். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால், போ என்று ஆட்டுகிற கையும் நில் என்று தூக்குகிற கையும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

"சட்டை! சட்டையைக் காட்டினா ஏறிடுவார்! எங்கடா அந்தச் சட்டை?" என்றார் மேடம்.

ஒட்டடை ஆற்றைப் பார்த்தான். அவனுடைய கைகள் இரண்டும் காலியாகத் தொங்கின.

ஹாஃப் டே தலையை ஆட்டினார். இந்தப் பக்கம் நிற்கும் மகளைக் கண்டக்டருக்குக் காட்டினார். அதில் ஒரு பெருமை இருந்த மாதிரி ஒட்டடைக்குப் பட்டது. கண்டக்டர் படியேறினார், பஸ் கிளம்பியது. அது போன பிறகு அந்த இடத்தில் சிவப்பு வெளிச்சம் மட்டும் மினுங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சட்டென்று கீழே இறங்கி, தரையோடு கிடந்து மினுங்கியது.

"உக்காந்திருப்பாரும்மா," என்றார் டிரைவர்.

ஒட்டடை மேடத்தின் முகத்தைப் பார்த்தான். எந்த முடிச்சுக்கும் ஒரு நுனி வைத்திருக்கிறவர், தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

டாக்டர் தூக்கிய கையை இறக்கவில்லை. "எத்தனை தடவை ஓடியிருக்கீங்க," என்றாள், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போல. "இன்னைக்கு ஒரு தடவை ஓடிப் போயிருக்கக் கூடாதாப்பா?"